கரைக்காரரின் சபை

சபையில் எல்லோரும் அவரைக் கரைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள், ஏதோ கடலோரத்து மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரோ கிணறே பாதி வருடம் வறண்டு கிடக்கும் மேட்டு நிலத்தில் பிறந்தவர். இருபது வயது தாண்டும்வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றது கிடையாது. அந்தப் பெயர் வந்த கதையும் அந்தச் சபையின் கதையும் வேறு வேறு இல்லை.

போர் மூண்ட மறுவருடம், துறைமுகத்துக் கப்பல் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரும் அவர் தம்பியும் ரயில் ஏறினார்கள். ஊரில் விளைச்சல் பொய்த்து, வீட்டில் அடுப்பு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த காலம். வழியனுப்ப வந்த அம்மா பெரியவனைத் தனியாக ஓரம் கூட்டிக்கொண்டு போய், "சின்னவன் விவரம் பத்தாதவன். நீ கூடவே இருந்து பாத்துக்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ரயில் பிடிக்கிற அவசரத்தில் யார்தான் ஆட்டமாட்டார்கள்?

தம்பி பக்திமான். ஊரில் இருந்த ஓட்டைக் கூரைச் சபை ஒன்றில் பதினாறு வயதிலேயே ஞானஸ்நானம் எடுத்திருந்தான். பாப்டிஸ்ட் சபையில் கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இல்லை. வளர்ந்த பிறகு, தானாக நம்பி, தானாக நடந்துவந்து, போதகர் கையால் தண்ணீரில் முழுசாக முங்கி எழ வேண்டும். முங்கினவர்தான் அங்கத்தினர். முங்காதவர் எத்தனை வருடம் வந்தாலும் விருந்தாளிதான். தம்பி முங்கியவன். அண்ணன் சபைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்.

பட்டறைக்குப் பின்னால் அவசரமாகப் பலகை அடித்து எழுப்பிய நீளக் கொட்டகைகளில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு கட்டிலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒருவன் வேலைக்கு எழுந்து போன சூடு ஆறுவதற்குள் வேலை முடிந்த இன்னொருவன் வந்து விழுவான். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள். ஒருவன் பேச்சு இன்னொருவனுக்குப் பாதிதான் புரியும். நகரத்து ஆட்களோ இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் 'கொட்டகை ஆளுங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கடையில் இவர்களைக் கண்டால் கடைக்காரருக்குச் சரக்கு தீர்ந்துபோகும்.

அண்ணன் வெல்டிங் பழகினார். தம்பிக்குக் கிடைத்தது சாரத்தில் உட்கார்ந்து கப்பலின் வயிற்றில் துரு சுரண்டும் வேலை. காது அடைக்கிற அந்தச் சத்தத்திலும் அவன் பாடிக்கொண்டே சுரண்டுவான். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம், ஈரப் பலகையில் கால் வழுக்கி, கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்தான். காலில் இரும்புப் பூண் வைத்த பூட்ஸ். போர்க்காலம் என்பதால் பெரிய விளக்கைப் போடக் கூடாது என்று தடை. கையில் இருந்த சின்ன விளக்குகளை வைத்துக்கொண்டு ஆட்கள் கரையில் ஓடினார்கள். அண்ணன் சுவர் விளிம்பில் குப்புறப் படுத்து, பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கீழே தண்ணீர் இரும்பில் மோதிச் சளக் சளக் என்றது. அதைத் தவிர வேறு பதில் இல்லை.

உடல் கிடைக்கச் சில நாட்கள் ஆயின. "மூஞ்சியப் பாக்காதீங்க. பூட்ஸப் பாத்துச் சொன்னா போதும்" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தையும் பார்த்தார்.

நகரத்துப் பெரிய சபையில் அடக்க ஆராதனை நடத்தித் தரக் கேட்டுப் போனார்கள். அங்கிருந்தவர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார். "தப்பா நினைக்காதீங்க. உங்க ஆளு எங்க சபையில இல்லையே. ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் வந்து நிப்பாங்க" என்று கையை விரித்துவிட்டார்.

அப்போது வாயைத் திறந்தவர் பாய்லர்காரர். கொட்டகைகளுக்கு வெந்நீர் அனுப்பும் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். ஊரில் சபை உதவிக்காரராக இருந்தவராம். "சலவைக் கூடம் இருக்குல்ல. பெட்டிய அங்க தூக்கிட்டு வாங்க" என்றார். கொட்டகைகளில் நூறு பேர் நிற்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். தொட்டிகளைச் சுவரோரம் தள்ளினார்கள். மேலே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த வேலை உடுப்புகளை எடுக்க நேரமில்லை. பெட்டியின் மேலும் ஆட்களின் மேலும் சட்டைக் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பாய்லர்காரருக்குப் பெரிதாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, இந்தப் பையன எங்களுக்குத் தெரியும். உமக்கும் தெரியும். வேற யாருக்கும் தெரியாட்டி பரவால்ல" என்றார். அவ்வளவுதான். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பவும் சலவைக் கூடத்துக்கே வந்தார்கள். போக மனமில்லாமல் தொட்டி விளிம்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி கேட்டாள்: "வர்ற ஞாயித்துக்கிழமையும் இங்கேயே கூடுவோமா?"

அதைத் தவிர அந்தச் சபைக்கு வேறு தொடக்கம் கிடையாது.

அண்ணனும் மறு ஞாயிறு போனார். நம்பிக்கை வந்து அல்ல. வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. எல்லோரும் பாடும்போது, அந்தக் கூட்டத்துக்குள் தம்பியின் குரலும் எங்கேயோ ஒளிந்திருப்பது போல ஒரு பிரமை. அதைக் கேட்கவே ஒவ்வொரு வாரமும் கடைசி வரிசைக்குப் போய் உட்காருவார்.

போர் முடிந்தது. பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். மீதிப் பேர், திரும்பிப் போனால் அங்கே என்ன வைத்திருக்கிறது என்று இங்கேயே தங்கிவிட்டார்கள். கொட்டகைகளை இடித்தபோது சபைக்குக் கூரை இல்லாமல் போயிற்று. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து, பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் ஒரு பழைய மாவுக் கிடங்கை வாங்கினார்கள். முதல் சில வருடங்களுக்கு மழை பெய்தால் சுவரிலிருந்து மாவு வாசனை வரும்.

பாய்லர்காரரையே போதகர் ஆக்கியிருந்தார்கள். அவர் ஒருநாள் கரைக்காரரிடம் வந்து, "முழுக்குத் தொட்டி ஒண்ணு வேணும். உன்ன விட்டா யாரு செய்வா?" என்றார். உடைத்த கப்பலின் இரும்புத் தகடுகள் பட்டறையில் சும்மா கிடந்தன. மாலை மாலையாக உட்கார்ந்து பற்றவைத்தார். ஒழுகுமா என்று பார்க்க, வெளிப்பக்கம் இணைப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசி, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினார். ஓட்டை இருந்தால் சுண்ணாம்பில் கறை தெரிய வேண்டும். மறுநாள் வரை ஒரு பொட்டுக் கறை இல்லை. தொட்டியை மேடைக்கு அடியில் தரையில் இறக்கி, உள்ளே இறங்கப் படிகளும் வைத்துக் கொடுத்தார்.

அந்தத் தொட்டியில் முதலில் முங்கியவள் பட்டறை கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண். போரில் வீட்டு ஆட்கள் எல்லோரையும் தொலைத்துவிட்டு, போர் முடிந்த பிறகு தனியாக வந்து சேர்ந்தவள். தலையிலிருந்து தண்ணீர் வழிய வழியப் படியேறி வந்து, துண்டை நீட்டிய அவரிடம், "தொட்டி நல்லா கெட்டியா இருக்குங்க" என்றாள். அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மனைவிக்கு ஒரே ஒரு குறை. "நீங்களும் முங்கிட்டா நான் நிம்மதியா இருப்பேன். செத்து மேல போயி நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு நிக்கணுமா?" அவளுக்காக ஒரு ஞாயிறு சம்மதித்தார். வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டார். பாய்லர்காரர் இடுப்பளவு தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். முதல் படி. இரண்டாம் படி. தண்ணீர் கெண்டைக்காலைத் தொட்டது. அவர் கால் பட்டு எழுந்த அலை இரும்புச் சுவரில் மோதிச் சளக் என்றது. அவ்வளவுதான். திரும்பிப் படியேறி, ஈரக் கால்தடம் பதியப் பதிய எல்லோருக்கும் நடுவில் நடந்து, பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

உள்ளே யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கிரேன்காரர்தான் நிலைமையைச் சமாளித்தார். "விடுங்க பாஸ்டர். தொட்டிய செஞ்சு குடுத்துட்டு அவரு கரையில நின்னுக்கிட்டாரு. கரைக்காரரு." எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த முறை பாய்லர்காரர் தன் பழைய தொழில் புத்தியைக் காட்டினார். தண்ணீரை ஆவி பறக்கச் சூடுபண்ணி வைத்துவிட்டு, "வெந்நீர்ல முங்க என்னய்யா பயம் உனக்கு? வெளிய வந்தா தூக்கம் சொக்கும்" என்றார். இவர் தொட்டி ஓரம் வரைக்கும் வந்து பார்த்தார். "குளிருக்குப் பயப்படலீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மனைவியும் வாயால் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஜெபத்தில் அவர் பெயர் வரும்போது அவள் குரல் கொஞ்சம் தேயும்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. முங்கியவர்கள் மட்டும் எடுத்துச் சாப்பிடும் அப்பத்தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். இவர் தட்டை வாங்கி, எதையும் தொடாமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். இளைஞனாக இருந்தபோது கொடுத்த அதே கைதான், கிழவனான பிறகும் கொடுத்தது. கதவின் கீல் அவர் போட்டது. நாற்காலியின் உடைந்த கால் அவர் ஒட்டியது. ஆராதனைக்கு முன்னால் விளக்கைப் போடுகிறவர், கடைசியில் அணைக்கிறவர் அவர். ஆனாலும் விருந்தாளிதான்.

பிறகு சரிவு. பட்டறைக்கு வரும் கப்பல்கள் குறைந்தன. ஒருநாள் கதவில் பூட்டுப் போட்டார்கள். வேலை தேடி ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். பிள்ளைகள் படித்துத் தூர நகரங்களுக்குப் பறந்தார்கள். கரைக்காரரின் ஒரே மகளும் அப்படித்தான். கிரேன்காரர் கண்ணை மூடினார். அவர் மனைவி போனாள். பாய்லர்காரர் பிரசங்கத்துக்கு நடுவில் என்ன சொல்ல வந்தோம் என்று மறந்து நிற்க ஆரம்பித்து, அப்புறம் நிற்கவே முடியாமல் படுத்து, போய்ச் சேர்ந்தார். நகரின் மறுபக்கத்துப் பெரிய சபை ஒன்று, பாவம் பார்த்து ஓர் இளம் போதகரை வாரா வாரம் அனுப்பிவைத்தது. அவர் வரும்போது முன்வரிசை நிறையாது. தொட்டியின் மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் ஆர்மோனியப் பெட்டியை வைத்திருந்தார்கள். முங்குவதற்கு ஆள் ஏது?

ஐம்பதாவது ஆண்டு விழாவில் இளம் போதகர் சபை வரலாற்றைச் சொன்னார். "ஒரு தொழிலாளியின் மரணத்தைத் தொடர்ந்து, நம் முன்னோர் சலவைக் கூடத்தில் ஒன்றுகூடினார்கள்." கடைசி வரிசையில் மனைவி சட்டென்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் கரைக்காரர் போய்ச் சொன்னார்: "பாஸ்டர், அந்தத் தொழிலாளி என் தம்பிதான்."

"அப்படியா ஐயா? யாருமே சொல்லலையே" என்றார் போதகர். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "அடுத்த தடவ பேரோட சொல்லிடறேன்."

அடுத்த தடவை வரவில்லை. கிடங்கை விற்றுவிட்டுப் பெரிய சபையோடு சேர்ந்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. கூரை ஒழுகுகிறது, சுவர் விரிசல் விட்டிருக்கிறது, வாங்குவதற்கு ஒரு சோபாக் கடைக்காரர் தயாராக இருக்கிறார். பாப்டிஸ்ட் சபையில் மேலிடம் என்று ஒன்று கிடையாது. அங்கத்தினர்கள் கூடி, கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். வருகிற ஞாயிறு கூட்டம் என்று அறிவித்தார்கள்.

அந்த வாரம் கரைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை போதகர் கிடங்கைப் பூட்ட வந்தபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"பாஸ்டர், எனக்கு முழுக்குக் குடுங்க."

போதகர் சாவியைப் பைக்குள் போட்டார். "இப்ப என்ன ஐயா திடீர்னு?"

"ஞாயித்துக்கிழமை கை தூக்கணும்."

போதகர் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, இவரையும் உட்காரச் சொன்னார். "ஐயா, நேரா கேக்கறேன். நம்பிக்கை இருக்கா உங்களுக்கு?"

 கரைக்காரர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "தம்பி போனதுலருந்து எனக்கு ஆண்டவரு மேல கோபம். இன்னும் தணியல. இல்லாத ஒருத்தர் மேல இவ்வளவு வருஷம் கோபப்பட முடியாதுல்ல?"

"அது பெரிய விஷயம்தான் ஐயா. அதப்பத்தி நாம உக்காந்து பேசலாம், எத்தனை மாசம் வேணாலும். ஆனா கை தூக்கறதுக்காக முங்கினா அது ஞானஸ்நானம் இல்ல. வெறும் குளியல்."

கரைக்காரருக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான் என்று பட்டது. சரி என்று பட்டதுதான் வலித்தது. அதோடு, போதகர் சம்மதித்திருந்தாலும் தன்னால் அந்த மூன்றாம் படியில் கால் வைத்திருக்க முடியுமா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்து போனார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கை தூக்கமாட்டாள், அவளைப் போல நாலு பேர் தூக்கமாட்டார்கள், விற்பனை நின்றுவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. விருந்தாளிகள் கூட்டத்தில் உட்காரலாம், பேசக் கூடாது என்றார்கள். விருந்தாளி என்று அங்கே இருந்தது அவர் ஒருவர்தான். சபை மூப்பர் ஒருவர் எழுந்து, "விக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

பக்கத்தில் மனைவியின் கை எழுந்தது. மூட்டுவலிக் கை, தோளுக்கு மேல் போகவில்லை. ஆனாலும் அவள் அதை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எண்ணி முடிக்கும்வரை இறக்காமல் இருந்தாள். எதிர்த்து யாரும் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்கள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"கேக்கணும்னா கேட்டுருங்க."

"ஏன் தூக்கின?"

"என்னால முடியல. வாரா வாரம் போயி நாற்காலி தொடைக்கிறேன். ஒழுகுற எடத்துல பக்கெட்டு வைக்கிறேன். யாரும் வர்றதில்ல. அந்தக் காலி நாற்காலிங்களப் பாத்துப் பாட எனக்குத் தெம்பு இல்ல."

"என் தம்பிய வச்சு ஆரம்பிச்ச எடம் அது."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்க தம்பிய நான் பாத்ததே கெடையாது. ஆனா கல்யாணம் ஆன நாள்லருந்து அவரோடயும் சேத்துத்தான் குடித்தனம் பண்றேன். நீங்க என்கூட சபைக்கு வந்தீங்களா, அவரத் தேடி வந்தீங்களான்னு எனக்குத் தெரியாதா?"

 இத்தனை வருடத்தில் அவள் இதை ஒருமுறையாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இப்போது அதற்கும் காலம் கடந்திருந்தது. அவள் முழங்காலுக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கித் தேய்த்துக்கொண்டாள்.

சோபாக் கடைக்காரருக்குத் தரை சமமாக வேண்டுமாம். தொட்டியை வெட்டி எடுக்க ஆட்கள் வந்தார்கள். கரைக்காரர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். இரண்டு இளைஞர்கள், கேஸ் கட்டர். வேலை தெரிந்தவர்கள். பதறாமல், கோணாமல், நூல் பிடித்த மாதிரி வெட்டினார்கள். கெட்டியான தொட்டி, ரொம்ப நேரம் படுத்தும் என்று அவர் நினைத்திருந்தார். டீ குடிக்கிற நேரத்துக்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய பிறகு ஒருவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே இவரிடம், "என்ன பெருசு, உள்ள ஏதாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றார்.

பெரிய சபை முதல் சில மாதங்கள் வேன் அனுப்பியது. சினிமாக் கொட்டகை மாதிரி மெத்தை வைத்த இருக்கைகள், திரையில் பாட்டு வரிகள், காதைப் பிளக்கிற மேளம். பழைய சபை ஆட்களை ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்கள். மனைவி நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போய்வந்தாள். இவர் கூடப் போய் வாசலோரம் உட்கார்ந்தார். அங்கே யாரும் அவரைக் கரைக்காரர் என்று கூப்பிடவில்லை. வேறு எதுவுமாகவும் கூப்பிடவில்லை. கூட்டம் பாடும்போது காதைத் தீட்டிக் கேட்டார். மேளம்தான் கேட்டது.

பிறகு ஒரு ஞாயிறு வேன் வரவில்லை. தெருமுனையில் இருவரும் கால் கடுக்க நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வாரமும் அதேதான். போன் போட்டால், இந்தப் பக்கம் ஏறுவதற்கு ஆள் குறைவு என்று வழியை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். "பஸ்ல கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பஸ்தான்" என்றார் இவர்.

"வேணாங்க. படி ஏற முடியாது." அவள் நல்ல உடுப்பை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளுக்கும் மற்ற நாட்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். முன்பெல்லாம் படுத்தபடியே உதடு அசையும். இப்போது அதுவும் இல்லை என்பதை அவர் கவனித்தார். என்ன என்று கேட்கத் துணிவு வரவில்லை. ஜெபிக்காதவர் எந்த முகத்தோடு கேட்பது?

சாயங்காலம் மகள் போன் செய்வாள். பேரப்பிள்ளைகளின் பரீட்சை, வீட்டு வாடகை என்று பேசிவிட்டுக் கடைசியில், "சபைக்குப் போனீங்களாம்மா?" என்று கேட்பாள்.

"போனோம்டி. அப்பாவும் வந்தாரு" என்பாள் மனைவி.

கரைக்காரர் மாத்திரையையும் தண்ணீர் டம்ளரையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போவார்.